ஆடிக்கு முன் போட்ட சுவிட்ச்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று என் தம்பி ரஃபேல் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போடும் தொழிலில் விண்ணப்பப் பாரங்களோடு மாரடிப்பவள் நான். அவன் கூரைமேல் ஏறிக் காற்று வாங்குகிறவன். அவனுக்குக் கோபம் வராதுதான்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. ரஃபேல் லைசென்ஸ் எடுத்த வயர்மேன். கம்பி, கூரை, கருவி எல்லாம் அவன் பொறுப்பு. விண்ணப்பம், கடிதம், போன், வாடிக்கையாளர்களின் வாய் இவையெல்லாம் பிரிஜெட்டாகிய என் பொறுப்பு. இரண்டு வருடமாகத் தொழில் ஓடுகிறது. ஒரு வீட்டையும் நாங்கள் பாதியில் விட்டதில்லை. செல்லாயி அக்கா வீட்டில்தான் என் மானம் கப்பலேறப் பார்த்தது.

போன ஜூன் மாதம் ஒருநாள் அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம். மின்சார பில்லைச் சுருட்டிப் பிடித்திருந்தார். பசியாறிவிட்டீர்களா என்று நான் கேட்பதற்குள் பில்லை என் மேசைமேல் போட்டார்.

"எம்மா, சோலாரு போட்டா இந்த பில்லு கொறையுமா கொறையாதா? ஒத்த வார்த்தையில சொல்லு. சுத்தி வளைக்காத."

"கொறையும்க்கா."

"எப்ப?"

"அத ஒத்த வார்த்தையில சொல்ல முடியாதுக்கா. உக்காருங்க."

உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். சிடாம் கிரி பக்கம், ரப்பர் தோட்டம் மூடிய பிறகு கட்டிய தாமான் குடியிருப்பில் அவர் வீடு. பின்கட்டில் மூன்று பெரிய கிரைண்டர், இரண்டு ஐஸ்பெட்டி. விடிகாலையில் எழுந்து தோசை மாவு ஆட்டிப் பாக்கெட் போடுவார். கணவர் சின்னையா அண்ணன் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் கடைகளில் கொடுப்பார். சுங்கைப் பட்டாணியில் பாதிப் பேர் தின்னும் தோசை எங்கள் வீட்டு மாவுதான் என்பார் அண்ணன். கால்வாசி என்று வைத்துக்கொள்வோம். வியாபாரம் நன்றாகத்தான் போனது. ஆனால் பில் மாதம் நானூறு வெள்ளியைத் தாண்டிவிட்டது. ஒரே மகன் மனோகரனுக்கு ஜொகூரில் வேலை. அம்மா நாலு மணிக்கு எழுந்து மாவோடு போராடுவது அவனுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. இந்த பில் நல்ல சாக்காகக் கிடைத்தது. மிஷினையெல்லாம் விற்றுவிட்டு இரண்டு பேரும் ஜொகூருக்கு வந்துவிடுங்கள் என்று பிடிவாதமாக நின்றான்.

"அங்க பதினேழாவது மாடியில ஒக்காந்து என்ன செய்வேன் சொல்லு? மேகத்துக்கா தோச சுட்டுப் போடுவேன்?" என்றார் அக்கா. "கடைசியா ஒரு வாய்ப்பு கேட்டேன்மா. சோலாரு போடுறேன்டா, போட்டப்புறம் வர்ற மொத பில்லு கொறையலன்னா மிஷின வித்துட்டு ஓங்கூட வந்துடுறேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

மொத பில்லா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்க்கா, மூனாவது பில்லுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாயில வந்துடுச்சும்மா. வந்த வார்த்தைய முழுங்கவா முடியும்?"

அன்றையிலிருந்து ஓட்டம்தான். அப்போது நடந்த திட்டத்தில், பகலில் பேனல் தருகிற மின்சாரத்தில் வீட்டுக்குப் போக மிஞ்சுவது கம்பி வழியே லெட்ரிக் ஆபீசுக்குப் போகும். அதை அவர்கள் பில்லில் கழித்துவிடுவார்கள். அந்தத் திட்டத்தின் கோட்டா ஜூன் கடைசியோடு மூடுகிறது. எங்களுக்கு இருந்ததோ பதினெட்டு நாள். அதில் நான்கு நாள் ஒரே ஒரு கடிதத்தில் போனது. வீடு அக்கா பேரில் இருந்தது, மின்சாரக் கணக்கு அண்ணன் பேரில் இருந்தது. ஒரே பாயில் படுக்கிறவர்கள் என்பது பாரத்துக்குத் தெரியுமா? கூரைக்குச் சொந்தக்காரர் கணக்குக்குச் சொந்தக்காரருக்கு அனுமதி தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சின்னையா அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எம் பொண்டாட்டிகிட்ட நான் எழுத்துல அனுமதி வாங்கணுமாக்கும்? முப்பது வருசமா வாயாலதானே வாங்கிக்கிட்டு இருக்கேன்."

"அதையே இந்தத் தடவ பேனாவால வாங்கிக்குங்கண்ணே. எனக்கு நேரமில்ல."

முதல் தாளில் அவர் அக்காவின் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாளில் சரியாகப் போட்டு, அதன்மேல் காப்பியைக் கவிழ்த்தார். மூன்றாவது தாளை நான் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

பிறகு கூரை. பின்கட்டுத் தகரக் கூரைதான் பெரியது, வெயிலும் அங்கேதான் அதிகம். ஆனால் பின்கட்டு, நகராட்சிக்கு பிளான் காட்டாமல் கட்டியது. இந்தத் தாமானில் யார்தான் காட்டினார்கள்? அதன்மேல் பேனல் போட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்ஜினியர் கையை விரித்துவிட்டார். சரி, முன்பக்க ஓட்டுக் கூரைதான் என்று ரஃபேல் ஏறினான். ஏறியவன் ஐந்து ஓடுகளை உடைத்தான். அந்த மாதிரி ஓடு இப்போது யாரும் செய்வதில்லையாம். மூன்று கடைக்காரர்கள் உடைந்த துண்டைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் மெர்போக்கில் ஒருவர் வீட்டுக் கோழிக் கூண்டுக்குப் பின்னால் பழைய ஓடு அடுக்கிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு நானே காரில் போனேன். கோழிகளிடம் கொத்து வாங்கி, ஏழு ஓடு கொண்டுவந்தேன். ரஃபேல் அதை வாங்கிக்கொண்டு, "ரெண்டு கூடுதலா இருக்கே" என்றான். "நீ மறுபடி ஏறுவல்ல, அதுக்கு" என்றேன்.

கோட்டா மூட இரண்டு நாள் இருக்கும்போது விண்ணப்பம் உள்ளே போனது. அனுமதி வந்தது. ஜூலை இரண்டாவது வாரத்தில் எட்டு பேனல் கூரையில் ஏறிவிட்டது. வாசல் பக்கச் சுவரில் இன்வெர்ட்டர் பெட்டி, அதாவது பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, ஜம்மென்று உட்கார்ந்தது. பாக்கி இருந்தது மீட்டர் மட்டும்தான். லெட்ரிக் ஆபீசிலிருந்து ஆள் வந்து பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். ஆகஸ்ட் பதின்மூன்று என்று தேதி கிடைத்தது.

ரஃபேல் அக்காவையும் அண்ணனையும் பெட்டி முன்னால் நிறுத்திப் பாடம் எடுத்தான்.

"நல்லா கேட்டுக்குங்க. இந்தப் பழைய மீட்டருக்கு உள்ள வர்றது எது, வெளிய போறது எதுன்னு வித்தியாசம் தெரியாது. எது போனாலும் நீங்க செலவு பண்ணதாத்தான் எண்ணும். புது மீட்டர் வர்ற வரைக்கும் இந்த சுவிட்ச தொடக் கூடாது. போலே? முடியும்ல?"

"போலே, போலே" என்றார் அண்ணன். ரஃபேல் சுவிட்சின்மேல் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். போடாதே என்று மலாயிலும் தமிழிலும் அவனே எழுதியது.

அக்கா அட்டையைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிமூனாந் தேதின்னா ஆடி மாசமாச்சே" என்றார். முகம் சுண்டிப்போயிற்று. "ஆடியில போயி புதுசா ஒன்னத் தொடங்குவாங்களா? அதுவும் என் பொழப்பே இதுல இருக்குறப்ப? வேணாம்மா. இந்தத் திங்கக்கிழமை நல்ல நாளு. ஆடிக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுக் காட்டிடுங்க."

"தாக் போலே அக்கா" என்றான் ரஃபேல். முடியவே முடியாது என்று கையையும் ஆட்டினான்.

நான் கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் பக்கத்து வீட்டு ஆடிக் கூழைக் குடித்து வளர்ந்தவள். அக்காவின் கண் கலங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. "ஒரு நிமிஷம்தானேடா" என்றேன். "டெஸ்டிங்னு வச்சுக்க. நீயே போடு, நீயே அணை." அவன் என்னை முறைத்தான். அப்போதே அவன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தாம்பாளத்தில் சூடமும் ஏற்றியாகிவிட்டது. ரஃபேல் அலறிக்கொண்டு ஓடிச் சூடத்தட்டை நான்கடி தள்ளி வைத்தான். தேங்காய் உடைந்தது. பத்தரைக்கு அக்கா கண்ணை மூடிக் கும்பிட, ரஃபேல் சுவிட்சைப் போட்டான். பெட்டியில் எண் ஏறியது. பக்கத்து வீட்டுக் காஞ்சனா போனில் படம் பிடித்தார். ரஃபேல் கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஒரு நிமிடத்தில் அணைத்து, சிவப்பு அட்டையை மறுபடி கட்டினான். ஆளுக்கு நான்கு வடை தின்றுவிட்டுத் திரும்பினோம்.

அதோடு நான் அதை மறந்தேன். அந்த வீட்டில் வைஃபை இல்லாததால் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று எங்கள் போனில் பார்க்கவும் வழியில்லை.

ஆகஸ்டில், மீட்டர் வர நான்கு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை போன் அடித்தது. அக்கா. பேச முடியாமல் விக்கினார்.

"பில்லு ஏறிடுச்சும்மா. ஐந்நூறத் தாண்டிடுச்சு. மனோ ராத்திரியே பஸ் ஏறி வந்துட்டான். மிஷின வாங்க ஆளும் லோரியும் வாசல்ல நிக்குது."

ஐந்நூறா! எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. இன்னும் போடாத சோலாரில் பில் எப்படி ஏறும்? யார் தப்பு செய்தாலும் அவர்களை ஒரு வழி பண்ணிவிடுவது என்று ரஃபேலை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே லோரி நின்றது. மெர்போக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யோகேந்திரன் என்பவர்தான் மிஷினை வாங்க வந்திருந்தார். ஒரு கிரைண்டர் ஏற்கெனவே லோரியில் ஏறிவிட்டது. அக்கா வாசலில் நாற்காலி போட்டு, லோரியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் கேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மனோகரன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட பையன். தொழிற்சாலையில் சாமான்களின் தரம் பார்க்கும் வேலை என்று அக்கா சொல்லியிருந்தார். பேச்சும் அப்படித்தான் இருந்தது.

"மேடம், இது போன மாச பில்லு. இது இந்த மாசம். நீங்களே பாருங்க. சோலார் போட்டா கொறையும்னு சொன்னீங்களா இல்லையா?"

"இன்னும் ஆன் பண்ணவே இல்லையே தம்பி..."

"அக்கா!" என்று என்னைக் கூப்பிட்டு ஒரு கத்தல். ரஃபேல். பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். "இங்க வந்து பாரு! ஓடிக்கிட்டு இருக்கு!"

பெட்டியில் எண் மின்னியது. சிவப்பு அட்டையைக் காணோம். அட்டை இருந்த இடத்தில் ஒரு பெரிய மல்லிகை மாலை தொங்கியது. மாலையை விலக்கினால் அட்டை அதன் பின்னால் பத்திரமாக இருந்தது. அட்டையின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"செல்லாயிக்கா, யாரு இத போட்டது?" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது.

அக்கா எழுந்து வந்தார். "அன்னிக்கு நீங்க போனதுமே நான்தாம்மா அவர போடச் சொன்னேன். நல்ல நேரம் பாத்து ஏத்துன வெளக்க ஒரு நிமிசத்துல ஊதி அணைச்சா வெளங்குமா? பொழுது சாஞ்சா அதுவா அணையுது. சூரியன் அணைக்கிறது வேற, நாம அணைக்கிறது வேறல்ல?"

"நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்" என்றார் சின்னையா அண்ணன்.

"நீ எங்கய்யா சொன்ன? மாலையே நீதானே வாங்கிக்கிட்டு வந்த!"

கிட்டத்தட்ட நான்கு வாரம்! பின்கட்டில் மாவாட்டும் வேலை ஏழு மணிக்கே முடிந்துவிடும். பகல் முழுவதும் பேனல் கொட்டிய மின்சாரம் வெளியே போயிருக்கிறது. பழைய மீட்டர் அத்தனையையும் இவர்கள் செலவழித்ததாக எண்ணித் தள்ளியிருக்கிறது. அதைத்தான் மனோகரனிடம் சொன்னேன்.

"அப்ப தப்பு எங்கம்மா மேலன்றீங்க" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் கம்பெனிப் பேர் தப்பித்திருக்கும். அட்டை கட்டினோம், எச்சரித்தோம், படம்கூட இருக்கிறது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. முப்பது வருட உழைப்பு லோரியில் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் அட்டையைக் காட்டித் தப்பிக்கவா?

"தப்பு என்னுது தம்பி. போடக் கூடாதுன்னு ரஃபேல் சொன்னான். நான்தான் ஒரு நிமிஷம் பரவால்லன்னு விட்டேன். ஒரு நிமிஷத்துக்கு ஒத்துக்கிட்டவ, அதோட நிக்கும்னு எப்படி நெனச்சேனோ தெரியல. லெட்ரிக் ஆபீசுக்கும் நானே எழுதிக் குடுக்குறேன். கண்டிச்சு கடிதம் வந்தா என் பேருக்கு வரட்டும். ஆனா பேனல் நல்லா வேல செய்யுது. அதுக்காக உங்கம்மா மிஷின ஏத்தாதீங்க."

அவன் கண்ணாடியைத் துடைத்தான். "விக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் மேடம் சொல்வாங்க. நான் கண்ணால பாத்தாதான் நம்புவேன்."

"பாக்கணுமா? வாங்க" என்றான் ரஃபேல். அவன் கோபம் இன்னும் இறங்கவில்லை.

கேட்டுத் தூணில் இருந்த மீட்டர் முன்னால் எங்களை நிறுத்தினான். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. "ஒவ்வொரு சிமிட்டலுக்கும் காசு ஏறுது. இப்ப வீட்டுல ஐஸ்பெட்டி மட்டும்தான் ஓடுது. ஏன் இப்படி அவசரமா சிமிட்டுது? ஏன்னா கரண்டு வெளிய போவுது. பேனல் குடுக்குறத மொத்தமும் வீட்டுக்குள்ளயே செலவு பண்ணா வெளியவும் போவாது, உள்ளவும் வராது. வெளக்கு நிக்கணும். நின்னா நம்புவீங்களா?"

"நின்னா நம்புறேன்."

"அப்ப கிரைண்டர போடுங்கக்கா."

பின்கட்டில் இரண்டு கிரைண்டர் ஓடத் தொடங்கின. வெறும் கிரைண்டர் போதாது, அரிசி போட்டால்தான் இழுக்கும் என்று ரஃபேல் சொன்னதும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து ஓடினார். மகன் வரப்போகிறான், இனி ஆட்ட வேண்டியிருக்காது என்று தெரிந்தும் அன்றைக்கும் அரிசி ஊறப்போட்டிருந்தார். மீட்டர் விளக்கு நிதானமானது. நிற்கவில்லை.

"இன்னும் லோடு வேணும். மூனாவது கிரைண்டர் எங்க?"

எல்லோரும் லோரியைப் பார்த்தோம்.

"இது என்னடா வம்பு" என்றார் யோகேந்திரன். ஆனால் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அவரும் மனோகரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து கிரைண்டரை இறக்கி, முக்கி முனகிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா உளுந்தைப் போட்டார். விளக்கு இன்னும் மெதுவானது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த சிமிட்டல்.

"அயர்ன் பாக்ஸ் வேணும்" என்றான் ரஃபேல்.

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காஞ்சனா, "இருங்க வர்றேன்லா" என்று உள்ளே ஓடினார். வரும்போது அயர்ன் பாக்சோடு பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளையும் ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்தார். "சும்மா சூடாக்கறதுக்கு தேய்ச்சிட்டாவது போறேன்" என்று கூடத்தில் துணி விரித்து உட்கார்ந்துவிட்டார்.

அயர்ன் பாக்ஸ் போட்டதும் விளக்கு நின்றது.

மனோகரன் குனிந்து மீட்டரை உற்றுப் பார்த்தான். ஒரு நிமிடம் ஆயிற்று. பின்கட்டில் மூன்று கிரைண்டர் சுற்றுகிற சத்தம் வாசல் வரை கேட்கிறது, விளக்கு அசையவில்லை. மீட்டர் கெட்டுப்போயிருக்கலாம் என்று அவன் சந்தேகப்பட்டது முகத்திலேயே தெரிந்தது. அப்போது ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது. விளக்கு மறுபடி சிமிட்டத் தொடங்கியது. அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். மேகம் விலகி வெயில் அடித்தது. விளக்கு நின்றது. அவன் மறுபடி வானத்தைப் பார்த்து, மறுபடி மீட்டரைப் பார்த்தான்.

"அம்மா," என்றான் கடைசியில், "இத்தன மிஷினும் சும்மாவா ஓடுது?"

"வெயில்ல ஓடுதுடா" என்றார் அக்கா.

"புது மீட்டர் வந்துட்டா மிச்சம் வெளிய போறத கழிச்சிடுவாங்கதானேக்கா?" என்று என்னிடம் கேட்டான். மேடம் போய் அக்கா வந்ததை நான் கவனித்தேன்.

"கழிப்பாங்க தம்பி. அதுக்குத்தானே இத்தன பாரமும்."

"சரி. எனக்குப் புரிஞ்சிடுச்சு." அவன் அம்மா பக்கம் திரும்பினான். "ஆனா புதன்கிழமை வரைக்கும் அணைச்சு வைக்கணும். இல்லன்னா அடுத்த பில்லும் இதே கததான். ஆடி, வெளக்குன்னு நீ அடம் புடிச்சா நான் ஒன்னும் செய்ய முடியாதும்மா. நீ குடுத்த வாக்குதான்."

அக்காவின் முகம் பழையபடி சுண்டியது. மாவுக் கையோடு வந்து பெட்டி முன்னால் நின்றார். ரஃபேல் சுவிட்சிடம் போனான். "நீ தொடாதப்பா" என்றார். அவரும் தொடவில்லை. பிழைப்பு நிலைக்க வேண்டுமானால் அணைக்க வேண்டும். அணைத்தால் பிழைப்பு போய்விடுமோ என்று பயம். அந்தத் தவிப்பு எனக்குப் புரிந்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அக்கா, எங்க மாதா கோயிலுக்கு நீங்க ஈஸ்டருக்கு வந்திருக்கீங்கல்ல?"

"வந்திருக்கேன். கேக்கு குடுத்தீங்க."

"அதுக்கு மூனு நாள் முன்னாடி வந்து பாருங்க. பெரிய வியாழக்கிழமை பூசை முடிஞ்சதும் பீடத்துல இருக்குறதெல்லாம் எடுத்துட்டு வெளக்கெல்லாம் நாங்களே அணைச்சிடுவோம். சாமியார் அணைப்பாரு, நாங்க பாத்துக்கிட்டு நிப்போம். வெள்ளிக்கிழமை பூசையே கெடையாது. சாமி கோயில விட்டுப் போயிட்டாருன்னா நெனைக்கிறோம்? சனிக்கிழமை மறுபடி ஏத்துவோம். அணைக்கிறதும் அந்த வெளக்குக்கு செய்யற மரியாததான்க்கா."

அக்கா யோசித்தார். "சாமியாரே அணைப்பாரா?"

"அவரேதான்."

"யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க?"

"அணைக்கலன்னாதான்க்கா சொல்வாங்க."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மாலையை எடுத்து அண்ணனிடம் கொடுத்தார். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னார். பிறகு சுவிட்சைத் தானே கீழே இறக்கினார்.

பெட்டியில் எண் மறைந்தது. அக்கா தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். என்னவோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தது போலத்தான் இருந்தது. உள்ளே கிரைண்டர்கள் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவை இப்போது லெட்ரிக் ஆபீஸ் மின்சாரத்தில் ஓடின. காஞ்சனா அடுத்த சட்டையை எடுத்து உதறினார்.

"ஒன்னும் ஆவல" என்றார் அக்கா. சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. கையில் மாவு இருந்ததால் முழங்கையால் துடைத்துக்கொண்டார். "மனோ, உளுந்து பொங்கியிருக்கும்டா. போயி தள்ளிவிடு."

அவன் பின்கட்டுக்கு ஓடினான். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை கிரைண்டருக்குள் விட்டு மாவை வழித்துத் தள்ளினான். பழகிய கைதான், தெரிந்தது. அக்கா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளி, அந்த ஓரம் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யோகேந்திரன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். காலையில் வந்தவர் மதியமாகியும் நிற்கிறார். பாவம்.

"என்ன தம்பி, டெஸ்டிங் முடிஞ்சிடுச்சா? மிஷின ஏத்திடலாமா?"

மனோகரன் தலையைத் தூக்கவில்லை. கை இன்னும் மாவுக்குள்தான் இருந்தது.

"இல்லண்ணே" என்றான். "மிஷின் வேலையில இருக்கு."